திருச்செங்கோட்டில் ஃப்ளஷிங் என்றால்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். சாணத்துக்கு எவ்வளவு தண்ணீர், காய்கறிக் கழிவை எப்படி நறுக்கிப் போடுவது, குழாயில் நீர் கோத்தால் எங்கே வடிப்பது, இதையெல்லாம் பயிற்சியில் படம் போட்டுக் காட்டிவிட்டார்கள். என்னைவிட நன்றாகவே காட்டியிருப்பார்கள். எங்கள் காலத்தில் எங்களை நேராகக் குழிக்குள் இறக்கிவிட்டுத்தான் பாடமே ஆரம்பித்தார்கள். அதனால் நான் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அந்தச் சொல் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் வேறு அர்த்தத்தில்.

முதலில் என்னைப் பற்றி. சேலம், நாமக்கல் பக்கம் ஊர் ஊராகப் போய் சாண எரிவாயுக் கலன் கட்டிக்கொடுத்து, அது ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. ஊருக்குள் என் பெயர் யாருக்கும் தெரியாது. "கேஸ் அம்மிணி" என்றால் நாய்கூட வழி விடும். சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் பக்கத்து இலைக்காரர் ரசத்தைக் குடித்துக்கொண்டே, "ஏனுங்கம்மிணி, நம்மூட்டு அடுப்பு சரியா எரிய மாட்டீங்குதுங்களே" என்பார்.

ஒருவர் ஒரு வாரம் விடாமல் போன் செய்தார், கேஸ் வரவே இல்லை என்று. நான் குழாயைக் கேட்டேன், வால்வைக் கேட்டேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் சும்மா பேச்சுக்கு, "மாடு சவுக்கியமுங்களா?" என்றேன். "மாட்டத்தான் போன மாசமே வித்துப்போட்டனுங்களே!" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சிலிண்டர் வாங்கிப் பழகிய மனிதர். கேஸ் குழாயிலிருந்து வருகிறது என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் வீட்டு விசேஷம் விசாரிப்பேன், பிறகுதான் குழாய்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊரில் பொன்னுசாமி அண்ணன் என்று ஒருவர். போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருஷத்தில் பாதி நாள் வெளிமாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். நோம்பி, விசேஷம் என்றால் வண்டியோடு வீடு வந்து சேர்வார். அவர் மனைவி பாப்பாத்தி அக்கா இரண்டு மாடு வைத்திருந்தார். அந்தச் சாணத்தையும் சமையலறைக் கழிவையும் நம்பி, கொல்லையில் ஒரு கலன் கட்டிக்கொடுத்திருந்தேன். பழைய மாதிரிக் கலன். கிணறு மாதிரி ஒரு குழி, அதில் கரைத்த சாணம், அதன்மேல் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம். உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் மேலே ஏறும். அடுப்பு எரிய எரிய இறங்கும். டிரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாப்பாத்தி அக்கா காலையில் பல்லே விளக்குவார்.

அவர்கள் மகள் கௌசல்யாவுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். எடப்பாடியில் மாப்பிள்ளை வீடு. விசைத்தறி ஓட்டுகிறவர்கள், மாடு கன்றும் உண்டு. இந்தச் சம்பந்தம் பாப்பாத்தி அக்காவுக்குச் சாதாரண விஷயம் இல்லை. இதற்கு முன் ஒரு நல்ல இடம் வந்து, கோயிலில் பூ வாக்குக் கேட்கப் போனார்கள். நினைத்த நிறப் பூ வரவில்லை. அந்த இடம் அப்படியே நின்றுபோயிற்று. அதிலிருந்து அக்காவுக்குச் சகுனம் என்றாலே பயம். பல்லி கத்தினால்கூட மகளை ஒரு பார்வை பார்ப்பார். நிச்சயத்தன்று எனக்கும் அழைப்பு. "வாரவீங்களுக்கு நம்ம கேஸ்லதான் டீ வெச்சுக் குடுக்கப்போறேன், நீங்க வந்து பாக்கோணும்" என்று சொல்லியிருந்தார்.

நான் சங்ககிரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் பொன்னுசாமி அண்ணன் போன்.

"அம்மிணி, எங்க வந்துட்டிருக்கறீங்க? ஒரு சந்தோஷ சமாச்சாரமுங்க. ஒரு வாரமா டிரம்மு படுத்தே கெடந்துதுங்களா, இப்ப உச்சில நிக்குதுங்க!"

"அப்படியா அண்ணா, என்ன பண்ணினீங்க?"

"ஆபீசுக்குப் போன் போட்டனுங்க. அங்க ஒரு தம்பி எடுத்தாருங்க. அடைப்பாட்ட இருக்குது, ஒரு ஃப்ளஷிங் அடிச்சுப் பாக்கட்டுங்களான்னேன். தாராளமா அடிங்கன்னுட்டாரு. அடிச்சுப்போட்டனுங்க!"

எங்கள் அலுவலகத்தில் போன் எடுத்த தம்பி சென்னைப் பையன், கெட்டிக்காரன். சாணம் போடும் குழாயில் அடைப்பு என்றால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதற்குப் புத்தகத்தில் அதுதான் பெயர். அவன் சொன்னது புத்தகப்படி சரி. நான் சென்னையில் பிறந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் திருச்செங்கோட்டில் ஃப்ளஷிங் என்றால் தண்ணீர் இல்லை, காற்று. போர் போட்டு முடித்ததும் கம்ப்ரசர் காற்றை உள்ளே அடிப்பார்கள். சேறும் கல் பொடியும் வானத்துக்குப் பீய்ச்சும், பிறகு தண்ணீர் பொங்கும். பழைய போரில் தண்ணீர் குறைந்தாலும் அதே வைத்தியம்தான். அந்த ஊரில் யாருக்காவது ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்தால்கூட, "ஒரு ஃப்ளஷிங் அடிச்சா செரியாப்போயிரும்" என்று கேலி செய்வார்கள். பொன்னுசாமி அண்ணன் வீட்டு வாசலில் கம்ப்ரசர் லாரி நிற்கிறது. இதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஆகாது, அது ஒரு பக்கம். அவை செத்தாலும் மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். டிரம்மில் மிச்சமிருந்த கேஸோடு இப்போது காற்று கலந்திருக்கிறது. வெறும் கேஸ் குழாய் முனையில் நின்று சமத்தாக எரியும். காற்று கலந்த கேஸ் அப்படி எரியாது. அடுப்பில் வைத்த தீ குழாய் வழியாகவே உள்ளே ஓடி டிரம்மைத் தூக்கி எறிந்துவிடும். சமையலறையில் அக்கா, அவர் நாத்தனார்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள். சம்பந்தி வீட்டு வேன் வந்து நின்றதும் அந்த அடுப்பைத்தான் பற்றவைக்கப் போகிறார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வால்வை மூட வேண்டும், அவ்வளவுதான். யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

பொன்னுசாமி அண்ணனிடம் சொல்லலாமா? "அண்ணா, அது கேஸ் இல்லை, காத்து" என்றால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். "அதெப்படீங்க? இருங்க, பத்தவெச்சே காட்டறேன்" என்று தீப்பெட்டியோடு கிளம்பிவிடுவார். வாழ்நாள் முழுக்க, தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் முன்னால் தண்ணீர் வரவழைத்துக் காட்டிய மனிதர் அவர். பாப்பாத்தி அக்காவிடம் சொன்னால்? நல்ல நாளில் அடுப்பை மூடு என்ற வார்த்தையே அவருக்குப் போதும். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறிவிடுவார். நாலு பேர் என்ன ஏது என்று கலனைச் சுற்றி ஓடி வருவார்கள். அதில் ஒருவர் வாயில் பீடி இருக்கும்.

விசேஷ வீட்டில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள். வேலையே இல்லாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் யார்? மணப்பெண்தான்.

"அண்ணா, போனைக் கௌசல்யாகிட்டக் குடுங்க. புள்ளைக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிக்கறேன்" என்றேன்.

"அதுக்கென்னுங்க!" என்று சந்தோஷமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கண்ணு, முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிட்டுக் கேளு. பக்கத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று ஆரம்பித்து, விஷயத்தை ரெண்டே வாக்கியத்தில் சொன்னேன். "கொல்லைக்குப் போ. டிரம்லருந்து வர்ற குழாயில ஒரு வால்வு இருக்கும், மூடு. மூடினாப் பத்தாது, உங்கம்மா தொறந்துருவாங்க. கைப்பிடியவே கழட்டி எடுத்துக்க. நான் வர்ற வரைக்கும் யாரு கேட்டாலும் குடுக்காதே."

பயந்துவிடுவாளோ என்று நினைத்தேன்.

"அது எத்தனாம் நம்பர் ஸ்பேனருங்கக்கா?" என்றாள்.

ரிக் வண்டிக்காரர் மகள் இல்லையா. எனக்குப் பஸ்ஸிலேயே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் பஸ் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடப்பாடி வேன் வந்துவிட்டது. பந்தலில் ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் நேராகக் கொல்லைக்குப் போனேன். அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் சிரிப்பை அடக்க முடியாது. சாணம் ஊற்றும் குழாய்க்குள் கம்ப்ரசர் ஹோஸ் இன்னும் அப்படியே சொருகியிருந்தது. காற்று பீறிட்டு வந்த வேகத்தில் கரைசல் மாட்டுக் கொட்டகைச் சுவர் முழுக்கத் தெறித்திருந்தது. விசேஷத்துக்கென்று புதிதாக வெள்ளையடித்த சுவர். ஒரு மாட்டின் நெற்றியிலும் தெறித்து, அது குங்குமம் வைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. டிரம் மட்டும் உச்சியில் கம்பீரமாக நின்றது. வால்வைப் பார்த்தேன், மூடியிருந்தது. கைப்பிடியைக் காணோம். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

பாப்பாத்தி அக்கா சமையலறை ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். கையில் தீப்பெட்டி. "அம்மிணி, நல்லவேளை வந்தீங்க! டிரம்மு ஏறி நிக்குது, அடுப்பு பத்தவே மாட்டீங்குதுங்களே! நானும் எத்தனை குச்சி கிழிக்கறது?"

"இன்னைக்கு ஒரு நாள் சிலிண்டர்ல வெச்சிருங்கக்கா. நான் சாவகாசமாப் பாக்கறேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. எத்தனை நாளாக ஆசைப்பட்ட டீ. பாவமாகத்தான் இருந்தது.

டிரம்மில் இருப்பதை வெளியே திறந்துவிட்டால்தான் முழு ஆபத்தும் தீரும். உடனே விடலாமா? முன்பக்கம் சமையல்காரர்கள் விறகடுப்பு மூட்டிப் பெரிய பெரிய பாத்திரங்களை ஏற்றியிருந்தார்கள். காற்றும் அந்தப் பக்கம்தான் வீசியது. வால்வு மூடியிருக்கிற வரை, பக்கத்தில் தீ வராத வரை, டிரம் சும்மாதான் நிற்கும். அவசரப்பட்டுத் திறப்பதுதான் தப்பு. பந்தி முடிந்து அத்தனை அடுப்பும் அணைகிற வரை நான் இங்கேயே காவல் நிற்பது என்று முடிவு செய்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சாணக்குழி பக்கத்தில் நின்ற ஒரே விருந்தாளி நான்தான். நீங்களும் இதே மாதிரி ஒரு நாள் நிற்பீர்கள். சும்மா நிற்பதும் நம் வேலையில் ஒரு வேலைதான்.

கொஞ்ச நேரத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா யாருக்கும் தெரியாமல் நழுவிக் கொல்லைக்கு வந்தார். டிரம்முக்கு வாகாக முதுகைக் காட்டி நின்றுகொண்டு சட்டைப் பையில் கையை விட்டார். சிகரெட் எடுத்தார். தீப்பெட்டியும் எடுத்தார்.

பாய்ந்து போய்ப் பிடுங்கியிருப்பேன். ஆனால் சம்பந்தி வீட்டுப் பெரிய மனுஷர். இங்கே பிடிக்காதீர்கள் என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் பந்தலுக்குப் போய், பெண் வீட்டில் வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். அதற்குள் தீக்குச்சியை எடுத்துப் பெட்டியில் உரசப் போனார்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா பெரியப்பா?" என்றேன், வாயெல்லாம் பல்லாக. "உங்களத்தான் அங்க ஆளாளுக்குத் தேடிட்டு இருக்கறாங்க. நீங்க இல்லாம தட்டு மாத்தக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்களாமா!"

"அப்படீங்களா? என்னையவா?" என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிகரெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேட்டியைச் சரிசெய்தபடி ஓடினார். உண்மையில் யாரும் அவரைத் தேடவில்லை என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

அவர் போன வேகத்தில் தட்டு மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டகை மூலையிலிருந்து எட்டிப் பார்த்தால் பந்தல் தெரியும். கௌசல்யா தலை குனிந்து நின்றாள். புடவைக் கரையில் சாணக் கரைசல் ஒரு வரி தெறித்திருந்தது. வலது கையை முந்தானைக்குள் மூடியே வைத்திருந்தாள். இந்தப் பெண் கைப்பிடியை எங்கேயாவது வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். யாருக்கும் குடுக்காதே என்று சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தாம்பாளத்தை நீட்டினார். புடவை, பூ, தேங்காய், பழம். இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும். கௌசல்யா இடது கையை நீட்டினாள். யாரோ ஒரு அத்தை, "ரெண்டு கையில வாங்கு சாமி" என்று அவள் வலது கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

டங்கென்று தாம்பாளத்தில் விழுந்தது கைப்பிடி.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில், மஞ்சள் உறை போட்ட அந்த இரும்புத் துண்டு கிடந்தது. "நல்ல காரியத்துல இரும்பு உழுகலாமுங்களா?" என்று மாப்பிள்ளை பக்கம் யாரோ முணுமுணுத்தது எனக்கே கேட்டது. பாப்பாத்தி அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டுவிட்டார். கண் கலங்கிவிட்டது. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் ஒரு பெண்ணின் நிச்சயத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அப்படியே நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னது சாமி?"

"வால்வு கைப்பிடிங்கத்தை" என்றாள் கௌசல்யா. அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"உன்ர கைல எதுக்கு?"

அவள் மறைக்கவில்லை. அப்பா காற்று அடித்தது, டிரம்மில் கலந்தது, அடுப்பைப் பற்றவைத்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "கேஸ் அக்கா வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கத்தை. எனக்கு வேற எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க. எங்கப்பா கைல கெடைச்சா மாட்டிருவாரு."

பொன்னுசாமி அண்ணன் அதற்கும், "ஃப்ளஷிங்தானுங்க அடிச்சேன், லேசாத்தானுங்க" என்று ஆரம்பித்தார். பாப்பாத்தி அக்கா பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா, "அந்தக் கேஸ் அக்கா வந்தாச்சா?" என்றார். நான் கொட்டகை மூலையிலிருந்து கையைத் தூக்கினேன். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

"இனி இதைக் குடுத்துரலாமுங்களா?"

"இன்னும் இல்லீங்க. அடுப்பெல்லாம் அணைச்சு, அந்த டிரம் எறங்கட்டுங்க."

அந்த அம்மா கைப்பிடியைக் கௌசல்யாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அந்த மூடிய கைமேலேயே தாம்பாளத்தை வைத்தார். "பொறவு என்னத்துக்கு நிறுத்திட்டீங்க? கொட்டுங்க" என்றார் மேளக்காரரைப் பார்த்து. முணுமுணுத்தவர் பக்கம் திரும்பி, "அத்தனை ஜனத்தையும் காப்பாத்தின இரும்பு, உழுந்தா என்னவாமா?" என்றார். மேளம் கொட்டியது. பாப்பாத்தி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான், மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

பந்தி முடிந்து எல்லா அடுப்பையும் அணைத்து, கரிக்குக்கூடத் தண்ணீர் தெளித்த பிறகு, கௌசல்யாவிடம் கைப்பிடியை வாங்கி, சமையலறைக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, டிரம்மில் இருந்ததை வெளியே திறந்துவிட்டேன். ஊரே நாறியது. எடப்பாடிக்காரர்கள் வேனில் ஏறி ஓடியிருக்கலாம். யாரும் ஓடவில்லை. மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவிடம் மட்டும் நான் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப என்னைய யாருமே தேடலீங்களா?" என்று அதற்குத்தான் வருத்தப்பட்டார்.

முதலில் டிரம் ஏன் படுத்தது என்று கேட்பீர்கள். மறுநாள் போய்ப் பாப்பாத்தி அக்காவிடம் வீட்டு விசேஷம் விசாரித்தேன். சம்பந்தி வருகிறார்கள் என்று ஒரு வாரமாகக் கொட்டகையைப் பினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். கழுவிய தண்ணீர் எல்லாம் நேராகக் கலனுக்குள். உள்ளே இருந்த உயிர்கள் அந்தச் சுத்தத்தைத் தாங்கவில்லை. குழாயில் அடைப்பே இல்லை. குழாயைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மறுபடி ஓடவைக்கப் புதுச்சாணம் நிறைய வேண்டும், இரண்டு மாடு போதாது. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் எடப்பாடியிலிருந்து ஒரு மினி லாரி வந்தது. பின்னால் வரிசையாகச் சாணி நிறைத்த பெரிய பெரிய பிளாஸ்டிக் டிரம்கள். முன் சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா. ஒவ்வொரு டிரம்மிலும் மஞ்சள் பொட்டு வைத்து ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்.

"கட்டிக்கற புள்ளைக்கு மொதச் சீரு இதுதானுங்க" என்றார் இறங்கியதும். பாப்பாத்தி அக்கா ஆரத்தி எடுத்து அந்தச் சாணியை உள்ளே அழைத்தார். என் சர்வீசில் சாணத்துக்கு அப்படி ஒரு மரியாதை நடந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குள் டிரம் தானாகவே ஏறியது. முதலில் சேர்ந்ததைத் திறந்து விட்டுவிட்டு, அடுத்ததில் அடுப்பைப் பற்றவைத்தோம். நீலமாக எரிந்தது. பாப்பாத்தி அக்கா அன்றைக்கு எடப்பாடிக்காரர்களுக்கு வைத்துக் கொடுத்த டீயில் சர்க்கரை ரொம்ப அதிகம். யாரும் சொல்லவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ஃப்ளஷிங் என்ற வார்த்தை வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு வார்த்தை காத்திருக்கும். அதனால் கலன் கட்டி முடித்ததும், வீட்டுக்காரர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் தொழிலில் ஒரு சாமான் ஓடாமல் நின்றுபோனால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? அவர்கள் சொல்வதைத்தான் நம் கலனுக்கும் செய்யப்போகிறார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் கடைசியாகக் கட்டிய கலன் எடப்பாடியில், கௌசல்யா வாழப்போன வீட்டில். மாமியார்தான் ஆசைப்பட்டார். வேலை முடிந்ததும் எல்லோரையும் நிற்கவைத்து இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"தறி நின்னுபோச்சுன்னா பக்கவாட்டுல ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவமுங்க, ஓடிரும்" என்றார் பெரியப்பா.

தட்டாதீர்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கௌசல்யா உள்ளே போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மஞ்சள் உறை போட்ட அந்தப் பழைய கைப்பிடியைக் கொண்டுவந்து நீட்டினாள். பொறந்த வீட்டிலிருந்து எடுத்துவந்திருக்கிறாள். பொன்னுசாமி அண்ணன் அங்கே புதிதாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டாராம்.

"இது இங்க சேருமுங்களாக்கா?"

மாட்டிப் பார்த்தேன். சேர்ந்தது. ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு அவளே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

"பெரிய மாமா தட்டறதுன்னா தட்டிக்கட்டுங்க" என்றாள், இடுப்பில் செருகிக்கொண்டே. "கைப்பிடி என்ரகிட்ட இருக்கும்."